வள்ளல் பச்சையப்ப முதலியாரும் அவர் வைத்துச் சென்ற தருமமும்

தேடிய செல்வத்தில் ஒரு பங்கைத் தெய்வத் திருப்பணிக்கும் ஏழை எளியவர்க்கும் எழுதி வைத்தல் நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் நல்வழக்கமாகும். எழுதி வைத்த தருமம் எழுதியவர் கண்மூடிய பின் எவ்வாறு நடைபெறுகிறது என்பது வேறு விடயம். இதற்குச் சென்னையில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் அவர்களின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பச்சையப்ப முதலியார் 1754ஆம் ஆண்டு, பவானியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற பெரியபாளையத்திலே பிறந்தார். தந்தையார் காஞ்சிபுரம் விசுவநாத முதலியார். மகன் பிறக்குமுன்பே அவர் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாள் ஆதரவற்ற நிலையிற் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் ஆங்கிலேய வர்த்தகர் ஒருவரிடம் துபாஷியாக இருந்த பவுனி நாராயண பிள்ளை என்பவர் அக்குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுத்தார். சிறுவன் பச்சையப்பன் அவருடைய ஆதரவிலேயே எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டான்.

துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். ஆங்கிலேயருக்கும் ஊர் மக்களுக்கும் இடையே நின்று பேச்சும் கொடுக்கல் வாங்கலும் நடத்தியவர்கள் அவர்கள். பச்சையப்பர் இளம் வயதிலேயே அத்தொழிலில் இறங்கி, பின்னர் தஞ்சாவூர்ச் சீமை வரையில் வரவுசெலவு நடத்திப் பெருஞ் செல்வந்தரானார். செல்வம் வந்த பின்னும் பக்தி குறையவில்லை. கூவம் நதியோரத்தில் உள்ள கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்து, அங்குள்ள சிவாலயத்தில் வழிபாடு செய்துவந்தார். சிதம்பரம், காஞ்சிபுரம் முதலிய தலங்களிலும் தருமங்கள் செய்தார்.

இரு மனைவியர் இருந்தும் தமக்குப் பின் குடும்பப் பெயர் சொல்ல ஆண் வாரிசு இல்லாத நிலையில், நாற்பதாவது வயதில் அவர் கடும் நோய்வாய்ப்பட்டார். கும்பகோணத்தில் இருந்தபடியே 1794ஆம் ஆண்டு மார்ச் 22ஆந் திகதி தமது மரணசாதனத்தை எழுதுவித்தார். காசி முதல் கன்னியாகுமரி வரையுள்ள சிவத்தலங்களில் பூசை, அன்னதானம் முதலிய தருமங்கள் தமது பொருளைக் கொண்டு நடைபெற வேண்டும் என்பது அவரது விருப்பம். அதனை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்து ஆளாக்கிய நாராயண பிள்ளையிடமே ஒப்படைத்தார். ஒன்பது நாட்களின் பின், மார்ச் 31ஆந் திகதி திருவையாற்றிலே சிவபதமடைந்தார்.

ஆனால் அவர் நினைத்தபடி தருமம் நடக்கவில்லை. உரித்தாளரிடையே பிணக்குகள் எழுந்தன. பொறுப்பு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறியது. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று கேட்கவும் கேட்டால் பதில் சொல்லவும் ஒரு சபை இருக்கவில்லை. பொருள் இருந்தும் அவர் பெயரால் ஏற்றப்பட வேண்டிய விளக்குகள் பல்லாண்டுகள் ஏற்றப்படாமலே கிடந்தன.

இறுதியில் விடயம் அக்காலத்தில் சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞராயிருந்த ஹேர்பேர்ட் கொம்ப்டன் தொடங்கிவைத்த முயற்சியை அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் நோர்ட்டன் முடித்துவைத்தார். பொருள் மீட்கப்பட்டு, இந்துப் பெரியார்களைக் கொண்ட அறங்காவலர் சபையிடம் ஒப்புவிக்கப்பட்டது. மரணசாதனத்திற் கண்ட ஆலய தருமங்களுக்கு வேண்டிய முதல் ஒதுக்கப்பட்ட பின்னரும், வட்டியாற் பெருகிய பெருந்தொகை எஞ்சியது. அது கொடையாளரின் நோக்கத்துக்கு இசைந்த நற்பணியாகிய கல்விக்கென ஒதுக்கப்பட்டது.

அவ்வாறு 1842ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி சென்னையில் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் பின்னர் பாடசாலைகள் எழுந்தன. சென்னைப் பாடசாலை வளர்ந்து பச்சையப்பன் கல்லூரியாயிற்று. கணிதமேதை இராமானுஜன் 1906ஆம் ஆண்டளவில் அங்கே பயின்றார். தமிழக முதலமைச்சராயிருந்த அறிஞர் அண்ணாவும் அக்கல்லூரியின் மாணவரே. கண்மூடி 48 ஆண்டுகள் கழிந்த பின் ஒருவருடைய பொருள் இத்தகைய பயனைத் தந்தது என்றால், அதற்கு அவரது நல்லெண்ணத்தோடு நீதிமன்றம் அமைத்துக் கொடுத்த ஒழுங்கும் காரணமாகும். சபை அமைந்துவிட்டாற் கவலை தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. அதே அறக்கட்டளையை நிர்வகிக்க அண்மைக் காலத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் நியமிக்க நேர்ந்தது.

இவ்வரலாறு தரும் பாடம் கடல் கடந்து வாழும் மலையக மக்களுக்கும் பொருந்தும். நோர்வூட், ஹட்டன், பொகவந்தலாவை போன்ற ஊர்களில் கடை வைத்து முன்னேறியவர்களும், சேமலாப நிதியைச் சேர்த்து வைத்தவர்களும், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் தமக்குப் பின் ஒரு தருமம் நடக்க வேண்டும் என விரும்புவதுண்டு. அவர்களுக்கு இருவழிகள் உள்ளன. மரணசாதனம் எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளோடு அதனை எழுதலாம். நம்பிக்கைப் பொறுப்பு உறுதியையோ உயிரோடிருக்கும்போதே நடைமுறைப்படுத்தலாம். கொடுப்பவர், பொறுப்பாளர், பயன்பெறுவோர் என மூவகையினர் அதில் உண்டு. பொருள் பொறுப்பாளரின் பெயரில் இருந்தாலும் பயன் அவருக்குரியதன்று. கொடுத்தவர் கண் முன்னேயே தருமம் நடப்பதால், பொறுப்பாளர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும். பச்சையப்ப முதலியாருக்கு அந்த அவகாசம் கிட்டவில்லை.

இலங்கையில் இதற்கென 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் உள்ளது. காணி, கட்டடம் என்பவற்றை நம்பிக்கைப் பொறுப்பில் வைப்பதாயின் நொத்தாரிசு உறுதியோ மரணசாதனமோ வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. பொறுப்பாளர் கணக்கு வைக்கவும், தருமப் பணத்தைத் தம் பணத்தோடு கலவாதிருக்கவும், அதிலிருந்து தாம் ஆதாயம் அடையாதிருக்கவும் கடமைப்பட்டவர். ஆலய தருமம் தவறாக நடந்தால், அதில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடவும் சட்டம் இடமளிக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமக்கு உரித்தானதையே ஒருவர் தருமமாக வைக்க முடியும். 1992ஆம் ஆண்டு முதல் கம்பனிகளிடம் குத்தகைக்கு விடப்பட்ட தோட்டக் காணிகள் பெரும்பாலும் அரசுக்குரியவை. ஆகவே ஒரு கட்டடத்தை எழுதி வைக்குமுன் அது நிற்கும் நிலத்தின் உறுதியைப் பார்த்துக்கொள்வது அவசியம். பொறுப்பாளர் ஒருவராயன்றிப் பலராயிருப்பதும், அவர்களில் ஒருவர் மறைந்தால் அடுத்தவரை யார் நியமிப்பது என்று உறுதியிலேயே எழுதிவிடுவதும், ஆண்டுதோறும் கணக்கை ஊரார் முன் படிப்பதும் நன்று. மனைவி மக்களுக்கு உரியதை முதலிற் பிரித்துக் கொடுத்தால் பிற்காலத்தில் வழக்குகள் எழுவதற்கும் இடமிராது.

நாற்பது வயதில் மறைந்த வள்ளலின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. எனினும் அவரது தருமம் துளிர்க்க 48 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு காத்திராமல், ஏற்றிய விளக்கு ஏற்றியவருக்குப் பின்னும் அணையாதிருக்க வழி செய்து வைப்பதும் சிவதொண்டே. அதற்கான நல்லறிவையும் நேர்மையையும் எல்லாம் வல்ல இறைவன் யாவர்க்கும் அருள்வாராக.