எல்452ஆர்: கொரோனா செய்திகளில் வந்த இந்த எழுத்துகளை வகுத்த மார்கரெட் டேஹாஃப் யார்?

2021-ல் கொரோனா இரண்டாவது அலை வந்தப்போ 'டபுள் மியூட்டன்ட்' என்ற வார்த்தையை நிச்சயம் கேட்டிருப்பீங்க. இந்தியாவில் கண்டறியப்பட்ட அந்த வைரஸ் பற்றிய செய்திகளில் எல்452ஆர், இ484கியூ என்ற குறியீடுகளும் வந்தன. ஏதோ வண்டி நம்பர் மாதிரி இருக்கேன்னு கடந்து போயிருப்பீங்க.

புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த மாலை போன்றது. வைரஸின் ஸ்பைக் புரதத்தில் 452-வது இடத்தில் இருந்த லூசின் போய் ஆர்ஜினின் வந்துவிட்டது என்பதுதான் எல்452ஆர். அமினோ அமிலத்துக்கு ஆளுக்கொரு எழுத்து என்ற இந்த முறையை வகுத்தவர் மார்கரெட் டேஹாஃப்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால், 20 அமினோ அமிலங்களில் நான்கின் ஆங்கிலப் பெயர் 'ஏ'-யில் தொடங்குகிறது. அலனினுக்கு 'ஏ' போனது. ஆர்ஜினினுக்கு, உச்சரிக்கும்போது காதில் விழும் 'ஆர்' கிடைத்தது. மூன்று எழுத்துச் சுருக்கங்கள் ஏற்கெனவே இருந்தன. அன்றைய கம்ப்யூட்டர்களில் அவ்வளவு இடம்தான் இல்லை!

1925-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர் மார்கரெட். அலுவலகக் கணக்குக்கான பஞ்ச் கார்டு இயந்திரங்களில் மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டு, 1948-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டு மகள்களை வளர்க்கச் சில ஆண்டுகள் ஆய்வுக்கு இடைவெளி விட்டார். 1960-ல் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் சேர்ந்தார்.

அங்கிருந்து 1965-ல் அவருடைய குழு வெளியிட்ட புரத அட்லஸில் இருந்தவை சுமார் 65 புரதங்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் அது பெருத்தது. அடுத்தவர் ஆய்வகத்தில் கண்டதைத் தொகுப்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று நினைத்தவர்கள் பலர். அந்தத் தொகுப்பை வைத்துத்தான், பரிணாமத்தில் எந்த அமிலம் எதுவாக எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்று அவர் அட்டவணை போட்டார். இரண்டு புரதங்கள் உறவா, தற்செயலாக ஒத்திருக்கின்றனவா எனக் கண்டுபிடிக்க அது வழிகாட்டியது.

அட்லஸ் விலைக்கு விற்கப்பட்டது. நிதிப் பற்றாக்குறைதான் காரணம். ஆனால் தங்கள் தரவை இலவசமாகக் கொடுத்த விஞ்ஞானிகளுக்கு அது உறுத்தியது. 1982-ல் ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ. தரவுத்தளத்தை அமைக்கும் அரசு ஒப்பந்தம், தரவை எல்லோருக்கும் திறந்துவிட முன்வந்த லாஸ் அலமாஸ் குழுவுக்குப் போனது. தரவு திறந்திருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனாலும், இருபதாண்டு உழைத்தவருக்கு அது பெரிய அடி.

1983 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 57. அடுத்த ஆண்டு சக ஆய்வாளர்கள் அந்தத் தொகுப்பைப் புரதத் தகவல் மையமாக விரித்தார்கள். இன்று அது யூனிப்ராட் தரவுத்தளத்தின் ஓர் அங்கம். உங்கள் போனிலேயே திறந்து பார்க்கலாம், காசு கிடையாது.