தலைப்பாகையோடு வழிபாடு, கருவறையில் கண்ணாடி... யார் இந்த அய்யா வைகுண்டர்?

கோயிலுக்குள் போகும்போது தலையில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவதுதான் நம்ம ஊர் வழக்கம். ஆனா, கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பில் இது தலைகீழ். அங்கே ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கிட்டுத்தான் வழிபடுவாங்க. கருவறையில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான் இருக்கும். இந்த வழிபாட்டின் பெயர் அய்யாவழி. தொடங்கியவர் அய்யா வைகுண்டர்.

பெயருக்கே வந்த எதிர்ப்பு

1809-ல், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதியில் பிறந்தவருக்கு இப்படியொரு பெயரா என்று எதிர்ப்பு கிளம்ப, முத்துக்குட்டி என மாற்றினார்கள் என்கிறது அய்யாவழி மரபு.

பெயரோடு நிற்கவில்லை. நாடார் உள்ளிட்ட பல சமூகங்களுக்குத் தலைவரி உண்டு. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. கோயிலுக்குள் நுழையவும் முடியாது.

திருச்செந்தூரில் என்ன நடந்தது?

24 வயதில் கடுமையாக நோயுற்றிருந்த அவரை 1833 மாசி மாதத்தில் திருச்செந்தூருக்குக் கூட்டிச் சென்றனர். அங்கே கடலுக்குள் போனவர், மூன்றாம் நாள் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்த மாசி 20-ம் தேதிதான் இன்றும் அவதார தினம்.

சாமித்தோப்பு திரும்பித் தவம் இருந்தார். கூட்டம் சேர்ந்தது. எந்தெந்த உரிமை மறுக்கப்பட்டதோ, அதையே வழிபாட்டு விதியாக்கினார். தலைப்பாகை கட்டாயமானது. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியினரும் ஒன்றாகக் குளித்தார்கள், ஒரே தண்ணீரைக் குடித்தார்கள். உயிர்ப்பலி, காணிக்கை வேண்டாம் என்றார். ஊர் ஊராக நிழல் தாங்கல் என்ற எளிய வழிபாட்டு இடங்கள் உருவாகின.

அரசு சும்மா இருக்குமா? சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் கைது செய்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தனர். விடுதலையான பிறகும் அவர் பின்வாங்கவில்லை. 1841-ல் அவருடைய சீடர் அரிகோபாலன் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். அதுதான் இவர்களின் புனித நூல்.

1851-ல் வைகுண்டர் மறைந்தார். நாடார் பெண்கள் மேலாடை அணிய திருவிதாங்கூர் அரசு அனுமதி அளித்தது 1859-ல். எல்லோருக்கும் கோயில் கதவு திறந்தது 1936-ல். இரண்டையுமே அவர் பார்க்கவில்லை.

தனி மதமா, இந்து மதத்தின் பிரிவா?

இன்றுவரை ஓயாத கேள்வி இது. அகிலத்திரட்டு வைகுண்டரைத் திருமாலோடு இணைத்துப் பேசுகிறது. அதனால் இது இந்து மரபுதான் என்கிறது ஒரு தரப்பு. உருவ வழிபாடு இல்லை, தனி நூல் இருக்கிறது, தனிச் சடங்கு இருக்கிறது. அதனால் தனி மதமாக அங்கீகரிக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பாலானோர் இந்து என்றே பதிவாகிறார்கள். அதனால், மொத்தம் எத்தனை பேர் இந்த வழியில் இருக்காங்கன்னு அரசிடமே தெளிவான கணக்கு இல்லை.

2024 மார்ச்சில், அன்றைய ஆளுநர் ஆர்.என்.ரவி வைகுண்டரை சனாதனத்தோடு இணைத்துப் பேசியபோது இந்த விவாதம் மறுபடியும் சூடுபிடித்தது.

ஒரு காலத்தில் அரசு சிறையில் அடைத்த மனிதர் அவர். இப்போது அவருடைய அவதார தினத்துக்குத் தென் மாவட்டங்களில் அரசே உள்ளூர் விடுமுறை விடுகிறது. விடுமுறை கிடைத்துவிட்டது, மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் அவருடைய பக்தர்களுக்குள்ளேயே இன்னும் ஒரே பதில் இல்லை.