ஜோசப் பிராண்ட்

ஜோசப் பிராண்ட் (மார்ச் 1743 – நவம்பர் 24, 1807) வட அமெரிக்கத் தொல்குடிகளுள் ஒன்றான மோஹாக் இனத்தைச் சேர்ந்த போர்த்தலைவரும் அரசியல் தூதரும் ஆவார். தயெந்தனேகியா என்பது இவரது மோஹாக் மொழிப் பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானியர் பக்கம் நின்று போரிட்ட இவர், போருக்குப் பின் இரோகுவா மக்களில் ஒரு பகுதியினரை இன்றைய கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள கிராண்ட் ஆற்றங்கரையில் குடியேற்றினார். இரோகுவாக் கூட்டமைப்பின் பேரவையில் அமரும் உரிமையுள்ள பட்டம் எதையும் இவர் பெற்றதில்லை. ஆயினும் பிரித்தானிய, அமெரிக்க அரசுகள் இவரை அம்மக்களின் முதன்மைத் தலைவராக நடத்தின. இவரது வாழ்வில் நேர்ந்த சிக்கல்கள் பல இம்முரண்பாட்டிலிருந்தே எழுந்தவை.

இரோகுவா ஆட்சிமுறை

பிராண்டின் வாழ்வை அறிய அவர் பிறந்த சமூகத்தின் ஆட்சிமுறையை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனெகா ஆகிய ஐந்து இனங்கள் சேர்ந்து அமைத்ததே இரோகுவாக் கூட்டமைப்பு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டஸ்கரோரா இனமும் இணைந்ததால் அது ஆறு இனங்களின் கூட்டமைப்பு எனப்பட்டது. அமைதியாளர் எனப்படும் பெரியவரும் ஹயவதாவும் இதனை நிறுவினர் என்பது அம்மக்களின் மரபு.

மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடுகளில், ஒரு தாய்வழியைச் சேர்ந்த குடும்பங்கள் வரிசையாக அமைந்த அடுப்புகளைப் பகிர்ந்து வாழ்ந்தன. கூட்டமைப்பையும் அத்தகைய ஒரு வீடாகவே அவர்கள் கருதினர். கிழக்கு வாயிலை மோஹாக்கியரும் மேற்கு வாயிலைச் செனெகாவினரும் காத்தனர். நடுவில் ஒனன்டாகாவினர் பேரவைத் தீயைப் பேணினர். பேரவையில் 50 சாசெம் பட்டங்கள் இருந்தன: மோஹாக் 9, ஒனைடா 9, ஒனன்டாகா 14, கயூகா 10, செனெகா 8. தலைகளை எண்ணி முடிவு செய்யும் வழக்கம் அங்கு இல்லை. அனைவரும் உடன்படும் வரை பேசினர்.

பட்டங்கள் தாய்வழிக் குலங்களுக்கு உரியவை. எனவே தந்தையின் பட்டம் மகனுக்குச் செல்வதில்லை. பட்டத்துக்குரியவரைத் தெரிவு செய்வதும், கடமை தவறியவரை நீக்குவதும் குலத்தாய்மாரின் உரிமை. மக்காச்சோளம், அவரை, பூசணி விளைந்த வயல்களும் பெண்கள் பொறுப்பிலேயே இருந்தன. போர்த்தலைவர் என்பவர் இவ்வமைப்பிலிருந்து வேறானவர். தம் திறமையால் வீரர்களைத் திரட்ட வல்ல எவரும் அந்நிலையை அடையலாம். பிராண்ட் உயர்ந்தது இவ்வழியில்தான்.

இளமை

பிராண்ட் ஓகியோ பகுதியில், கயகோகா ஆற்றங்கரையில் பிறந்தார். தந்தை இறந்தபின் தாய் இவரை நியூயார்க்கின் மோஹாக் பள்ளத்தாக்கிலுள்ள கனஜோகரிக்கு அழைத்து வந்தார். தமக்கை மோலி பிராண்ட், பிரித்தானியரின் தொல்குடி விவகார மேலாளரான சர் வில்லியம் ஜோன்சனின் வாழ்க்கைத் துணைவியானார். மோஹாக்கியரிடையே மோலிக்கிருந்த செல்வாக்கு தம்பியினுடையதை விடப் பெரிது எனலாம். வரலாற்று நூல்கள் பல இதனைப் போதிய அளவு கூறுவதில்லை.

15 வயதிலேயே பிராண்ட் பிரான்சுக்கு எதிரான போரில் பங்கேற்றார். 1761 முதல் 1763 வரை கனெக்டிகட்டில் எலியாசர் வீலாக்கின் பள்ளியில் ஆங்கிலம் பயின்றார். பிற்காலத்தில் மாற்கு நற்செய்தியை மோஹாக் மொழியில் பெயர்த்தார். அது 1787இல் இலண்டனில் அச்சானது.

போரும் பிளவும்

1775இன் இறுதியில் இலண்டன் சென்ற பிராண்ட், மன்னர் மூன்றாம் ஜார்ஜைச் சந்தித்து மோஹாக்கியரின் நிலக் குறைகளை முறையிட்டார். ஓவியர் ஜார்ஜ் ரோம்னி 1776இல் இவரை வரைந்த ஓவியம் ஒட்டாவாவிலுள்ள கனடியத் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது.

1777 சனவரியில், கொள்ளைநோயால் பலர் இறந்ததை அடுத்து, ஒனன்டாகாவில் பேரவைத் தீ அணைக்கப்பட்டது. பொது முடிவு எட்ட வழியில்லாத அந்நிலையில் ஒவ்வோர் இனமும் தன் வழியே சென்றது. ஒனைடா, டஸ்கரோரா இனத்தவருள் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம் சாய்ந்தனர். அமெரிக்கப் படை வருவதை மோலி ஆள் அனுப்பி அறிவிக்க, ஆகத்து 6, 1777 அன்று ஒரிஸ்கனியில் பிராண்டும் செனெகா வீரர்களும் அதனை மறித்துத் தாக்கினர். எதிரணியில் ஒனைடா வீரர்கள் நின்றனர். ஒரே நீள்வீட்டின் மக்கள் ஒருவரையொருவர் கொன்றனர். பின்னர் ஒருவர் மற்றவரின் ஊரையும் சூறையாடினர்.

நவம்பர் 1778இல் செரி வேலியில் நடந்த தாக்குதலில் போரிடாத முப்பது பேர் வரை கொல்லப்பட்டனர். பிராண்ட் அங்கிருந்தார்; சிலரைக் காப்பாற்றவும் முயன்றார். அவ்வாண்டு சூலையில் நடந்த வயோமிங் போரில் அவர் பங்கேற்கவேயில்லை. எனினும் அப்பழி நெடுங்காலம் அவர் மீதே இருந்தது. 1779இல் தளபதி சல்லிவனின் படை 40க்கும் மேற்பட்ட இரோகுவா ஊர்களையும் பெண்களின் விளைநிலங்களையும் எரித்தது.

கிராண்ட் ஆறு

1783ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையில் பிரித்தானியா தன் இரோகுவா நட்பினரைக் குறிப்பிடவேயில்லை. பிராண்டின் வற்புறுத்தலால், அக்டோபர் 25, 1784 அன்று ஆளுநர் ஹால்டிமண்ட் கிராண்ட் ஆற்றின் இருபுறமும் ஆறு மைல் அகலமான நிலத்தை வழங்கினார். 1785இல் அங்கு 1,843 பேர் வாழ்ந்தனர். போருக்குப் பின் பேரவைத் தீயும் இரண்டாயிற்று: ஒன்று அங்கும், மற்றொன்று நியூயார்க்கின் பஃபலோ கிரீக்கிலும்.

வேட்டை குறைந்துவிட்டதால் நிலத்தின் ஒரு பகுதியை விற்று நிலையான வருவாய் பெற வேண்டும் என்பது பிராண்டின் கருத்து. அரசின் அனுமதியின்றி விற்க இயலாது என அதிகாரிகள் மறுத்தனர். நிலம் தம் மக்களுக்கு முழு உரிமையானது என அவர் வாதிட்டார். இறுதியில் சுமார் 3,50,000 ஏக்கர் விற்பனை 1798இல் ஏற்கப்பட்டது. ஆயினும் பணத்தில் பெரும்பகுதி உரியவாறு வந்து சேரவில்லை. கிராண்ட் ஆற்று மக்களிடையே அவருக்கு எதிர்ப்பு வலுத்தது. அன்று வழங்கப்பட்ட நிலத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவானதே இப்போது அம்மக்களிடம் எஞ்சியுள்ளது.

இறுதிக்காலம்

1795இல் தம்மைத் தாக்கிய மகன் ஐசக்குடன் நடந்த கைகலப்பில் பிராண்ட் ஏற்படுத்திய காயத்தால் ஐசக் இறந்தார். பின்னர் பிராண்ட் பர்லிங்டன் குடாவருகே ஆங்கிலேயர் பாணியில் வீடு கட்டி வாழ்ந்தார். ஆப்பிரிக்க அடிமைகளையும் வைத்திருந்தார். 1807இல் அங்கேயே காலமானார். 1850இல் அவரது எச்சங்கள் பிராண்ட்ஃபோர்டு நகரிலுள்ள மோஹாக் தேவாலய வளாகத்துக்கு மாற்றப்பட்டன. அந்நகரின் பெயரும் இவர் பெயரால் அமைந்ததே.

மூன்றாம் மனைவி கேத்தரின் ஆமைக் குலத்தின் குலத்தாய் ஆவார். மோஹாக் பட்டங்களுள் முதலாவதான தெகரிஹோகனுக்கு உரியவரைத் தெரிவு செய்யும் உரிமை அவரிடம் இருந்தது. 1830இல் அவர் தம் இளைய மகன் ஜோன் பிராண்டை அப்பட்டத்துக்குத் தெரிவு செய்தார்.