விமானம் விழுந்தது; எழுத்தாளர் எழுந்தார்

டார் எஸ் சலாம் நகரில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர் ரோல்ட் டால். 1939-ல் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார்.

1940 செப்டம்பர் 19-ந் தேதி, எகிப்தில் தமது படைப் பிரிவில் சேரப் போர் விமானத்தில் தனியே பறந்தார். சொல்லப்பட்ட இடமோ தவறு. பொழுது சாய்ந்தது, பெட்ரோல் தீரும் நிலை. பாலைவனத்தில் இறக்கியபோது விமானம் பாறையில் மோதித் தீப்பிடித்தது. மண்டை உடைந்தும் தவழ்ந்து தப்பினார். பல வாரங்கள் கண் தெரியவில்லை.

குணமாகி 1941-ல் கிரீஸ் போர்முனையில் பறந்தார். ஆனால் ஓயாத தலைவலி அவரைத் தரையில் இறக்கிவிட்டது.

1942-ல் வாஷிங்டன் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை. அங்கே நாவலாசிரியர் சி.எஸ். ஃபாரெஸ்டர் கேட்டதற்காகத் தம் அனுபவத்தை எழுதிக் கொடுத்தார். அது பத்திரிகையில் வெளியாயிற்று. பிறகு பேனாவே பிழைப்பானது. 1964-ல் வந்த 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' உலகப் புகழ் தந்தது. 1990-ல் 74-வது வயதில் காலமானார்.