கல்லுக்குள் நெருப்பைக் கண்ட ஜேம்ஸ் ஹட்டன்



அடைமழைக்கு மறுநாள் தோட்டத்து ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் செம்மண் கலங்கி, தேத்தண்ணி மாதிரி ஓடும். நாம் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். இதே காட்சியைப் பார்த்துப் பல வருடம் யோசித்த ஒரு விவசாயி, உலகத்தின் வயதைப் பற்றிய எண்ணத்தையே மாற்றினார். அவர்தான் ஜேம்ஸ் ஹட்டன்.

1726-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார்தான் படிக்க வைத்தார். வக்கீலிடம் வேலை பழகப் போனவர், உடன் இருந்தவர்களுக்கு இரசாயன வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். வேலை நிலைக்கவில்லை. 1749-இல் ஹாலந்து நாட்டில் வைத்தியப் பட்டம் வாங்கினார். வைத்தியமும் பார்க்கவில்லை! நண்பர் ஒருவரோடு சேர்ந்து, பாத்திரத்துக்கு ஈயம் பூச உதவும் நவச்சாரத்தைப் புகைக்கரியிலிருந்து எடுத்தார். தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தில் பயிர் செய்தார்.

அங்கேதான் கேள்வி பிறந்தது. மழை மண்ணைக் கரைத்துக் கடலில் கொட்டிக்கொண்டே இருக்கிறதே, நிலம் ஏன் தீர்ந்துபோகவில்லை? பூமிக்கடியில் உள்ள வெப்பம் புது நிலத்தை மேலே தூக்குகிறது என்று முடிவு செய்தார். 1785-இல் எடின்பரோ அறிஞர் சபையில் இதை வெளியிட்டார்.

அக்காலத்தில் கருங்கல் ஆதிக்கடலின் நீரிலிருந்து படிந்தது, அதுவே மூத்த கல் என்று பலர் நம்பினார்கள். ஹட்டன் சும்மா வாதாடவில்லை. அதே 1785-இல், 59 வயதில், கிளென் டில்ட் என்னும் மலைப்பள்ளத்தாக்குக்குப் போனார். கறுத்த பழைய பாறையைப் பிளந்துகொண்டு சிவந்த கருங்கல் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. அப்படியானால் கருங்கல்தான் பின்னால் வந்தது. அதுவும் உருகிய குழம்பாக! அவர் போட்ட சந்தோஷக் கூச்சலில், வழிகாட்டிகள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

எதிர்ப்பும் வந்தது. 1793-இல் ஓர் அறிஞர் அவரைத் தெய்வ நம்பிக்கை இல்லாதவர் என்று தாக்கினார். அப்போது ஹட்டன் கல்லடைப்பு நோயால் துடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எழுதினார். 1795-இல் இரண்டு பாகங்களாக அவர் நூல் வந்தது. 1797-இல் காலமானார்.

அவர் மறைந்த பின்பு, நண்பர் ஜேம்ஸ் ஹால் எரிமலைப் பாறையை உலையில் உருக்கிப் பார்த்தார். சட்டென்று ஆறியது கண்ணாடியாயிற்று. மெள்ள ஆறியது மணிமணியான கல்லாயிற்று. பாகு மெள்ள ஆறினால்தானே கற்கண்டு பெரிதாகக் கட்டும்? அதேபோல் பூமிக்குள் மெள்ள ஆறியது கருங்கல். வெளியே வந்து சீக்கிரம் ஆறியது எரிமலைக் கல். குழம்பு ஆறும்போது இரும்புச் சத்து மிகுந்த மணிகள் முதலில் பிரிகின்றன. மணற்சத்து மிகுந்த மிச்சமே கருங்கல்லாகும் என்று 20-ஆம் நூற்றாண்டில் நார்மன் போவன் விளக்கினார். நம் தித்திவங்சா மலைக் கருங்கல்லும் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படி உருகி ஆறியதுதான். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் அதனோடு வந்ததே.

பெற்றோர்களே! இன்று பரிசு வாங்காத பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். முதல் வேலையில் நிலைக்காத ஹட்டன், 59 வயதில் மலையேறி உண்மையைக் கண்டார். மாணவர்களே! நாளைக்கு ஆற்றங்கரையில் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்கிற பிள்ளைதான் கற்கிற பிள்ளை.