செடிகள் ஏறிய உயரம்

பருவநிலை மாற்றத்துக்குத் தாவரங்கள் எவ்வாறு எதிர்வினை புரிகின்றன என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்தான் நினைவுக்கு வருகிறார். 1769-இல் பெர்லினில் செல்வக் குடியில் பிறந்து, சுரங்க அதிகாரியாயிருந்தவர். தாயார் மறைவுக்குப் பின் கிடைத்த சொத்தைக் கொண்டு, 1799-இல் தாவரவியலாளர் போன்பிளானுடன் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

மறு ஆண்டே வெனிசுவேலாவில் வலென்சியா ஏரி வற்றுவதைக் கண்டவர், காடழிப்பையும் பாசனத்துக்கு நீரைத் திருப்பியதையும் காரணமாகக் கூறினார். 1802 ஜூன் 23-இல், இன்றைய ஈக்வடாரிலுள்ள சிம்போராசோ எரிமலையில் ஏறினார். உலகின் மிக உயர்ந்த மலை என அன்று கருதப்பட்டது அது. பெரும்பிளவு ஒன்று குறுக்கிட்டதால் உச்சியை எட்டவில்லை.

1807-இல் வெளியான அவரது வரைபடம் அம்மலையைக் குறுக்கே வெட்டிக் காட்டியது. அடியில் பனையினங்கள், மேலேறுகையில் சிங்கோனா, புல்வெளி, பனிக்கோட்டருகே லைக்கன்கள் எனத் தாவரப் பெயர்கள் உயரவாரியாக எழுதப்பட்டிருந்தன. இருமருங்கிலும் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், வானத்தின் நீலம்கூட அளவிட்டுத் தரப்பட்டிருந்தது. செடியின் இருப்பிடத்தைத் தட்பவெப்பம் தீர்மானிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக அதற்குமுன் எவரும் காட்டியதில்லை என்பேன்.

செடி இடம்பெயராது, விதை பெயரும். வெப்பம் உயரும்போது கீழ்விளிம்பில் நிற்பவை நலிகின்றன. உறைபனி விலகிய மேற்சரிவில் விழும் விதை பிழைத்துக்கொள்கிறது. 2012-இல் சிம்போராசோவில் ஏறிய ஆய்வாளர்கள், தாவரங்கள் சராசரியாக 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டதாகக் கணித்தனர். ஆனால், அந்த உயரச் செடிகளில் பெரும்பாலானவை அன்டிசானா என்னும் வேறோர் எரிமலையில் சேகரிக்கப்பட்டவை என்பதை 2019-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. அங்கு மீண்டும் அளந்தபோது ஏற்றம் 215 முதல் 266 மீட்டர் வரை இருந்தது. இதை ஹம்போல்ட்டின் பிழை என்று சிலர் கூறக்கூடும். அவருடைய குறிப்புகள் அவ்வளவு விரிவாக இருந்ததால்தான் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் திருத்தம் சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம்.

ஆண்டிஸுடன் ஒப்பிட இமயத்தையும் அளக்க விழைந்தார். பலமுறை முயன்றும் கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை. காலனி ஆட்சியின் கொடுமைகளை அவர் எழுதியதே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். அதனால் யாருக்கு இழப்பு? இமயச் சரிவுகளில் செடிகள் எவ்வளவு ஏறின என்று இன்று ஆராய்வோர்க்கு, அவர் கைப்பட எழுதிய அளவு ஒன்றுகூட இல்லை. 1829-இல் ரஷ்யப் பயணத்தில் அல்தாய் மலைகள் வரை வந்தவர், 1859-இல் தம் 89-ஆம் வயதில் மறையும்வரை இமயத்தைக் காணவேயில்லை.