அமெரிக்காவிலிருந்து வந்த பாகவதர்



மார்கழிக் கச்சேரிகளுக்கு டிக்கெட் வாங்கத் தொடங்கியிருப்பீர்கள். நம்மில் பலருடைய பிள்ளைகள் இப்போது அமெரிக்காவில் படிக்கிறார்கள். சுமார் 60 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து இங்கே படிக்க வந்த ஒருவரை இந்த இதழில் நினைவுகூர்வோம். அவர்தான் ஜான் ஹிக்கின்ஸ். நம் ஊர் ரசிகர்களுக்கு ஹிக்கின்ஸ் பாகவதர்.

1939-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் என்ற ஊரில் பிறந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையும் வரலாறும் படித்தார். அங்கே பேராசிரியர் ராபர்ட் பிரவுன், மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் ஆகியோர் மூலம் கர்நாடக இசை அவருக்கு அறிமுகமானது. 1964-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்னை வந்தார்.

ரங்கநாதனின் தம்பி, புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனிடம் பாட்டு கற்றுக்கொண்டார். விஸ்வநாதனும் அதே உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பியவர். வேற்று நாட்டில் மாணவனாக இருப்பது எப்படி என்பது குருவுக்கும் தெரியும்.

ஒரு கணக்குப் பாருங்கள். தியாகராஜர் பிறந்தது 1767-ல். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்தது 1776-ல். ஹிக்கின்ஸின் தேசம் பிறந்தபோது தியாகராஜருக்கு 9 வயது! அந்த தியாகராஜரின் ஆராதனையில், 1965-ல் திருவையாற்றில் ஹிக்கின்ஸ் பாடினார். சென்னை வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

வெள்ளைக்காரர் பாடுகிறாரே என்ற வியப்பு மட்டும் இருந்திருந்தால் அவருடைய பெயர் ஒரு சீசனோடு மறைந்திருக்கும். அவர் எடுத்துக்கொண்ட வழி கடினமானது. விஸ்வநாதனும் ரங்கநாதனும் வீணை தனம்மாளின் பேரன்கள், நடனமேதை பாலசரஸ்வதியின் தம்பிகள். பதங்களும் ஜாவளிகளும் அந்தக் குடும்பத்தின் சொத்து. பதம் மெதுவாக நகரும்; ஒரு சொல்லிலேயே பல கமகங்கள் வரும். அதை நொடேஷனைப் பார்த்துப் பாடிவிட முடியாது. எதிரே உட்கார்ந்து, காதால் கேட்டு, திரும்பத் திரும்பப் பாடித்தான் பிடிக்க வேண்டும். தெலுங்கு, தமிழ், கன்னடம், சமஸ்கிருதம் என்று எந்த மொழிப் பாட்டானாலும் உச்சரிப்பிலும் அதே கவனம் காட்டினார்.

பாலசரஸ்வதியிடமும் பாடம் கேட்டார். பரதநாட்டியத்தின் இசையையே ஆய்வுப் பொருளாக எடுத்து 1973-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஹிக்கின்ஸ் என்றதும் ரசிகர்களுக்கு நினைவு வரும் பாட்டு, யமன் கல்யாணியில் 'கிருஷ்ணா நீ பேகனே'. பாலசரஸ்வதி அபிநயம் பிடித்துப் புகழ்பெற்ற அதே பாட்டுதான். குரு குடும்பத்தின் பாணியை எவ்வளவு உள்வாங்கினார் என்பது அதைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

கற்றதை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1971-ல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில், மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978-ல் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். நடுவில் இந்தியாவுக்கும் வந்து ஆய்வு செய்தார், கச்சேரி செய்தார்.

1984 டிசம்பர் 7 அன்று, இங்கே சீசன் களைகட்டும் நேரத்தில், அங்கே குடிபோதையில் ஒருவர் ஓட்டி வந்த வாகனம் மோதி ஹிக்கின்ஸ் இறந்தார். அவருக்கு வயது 45. ஒரு பாடகரின் குரலும் ஞானமும் முதிரும் வயது அது. இன்னும் எவ்வளவு பாடியிருப்பார் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையிடம் சாப்பிட்டாயா, பரீட்சை எப்படி என்று கேட்கிறோம். அடுத்த முறை பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள்: அந்த ஊர்ப் பாட்டு, மொழி, கைத்தொழில் என எதையாவது அங்குள்ள ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாயா? அதே போல, நம் குடியிருப்பிலோ பக்கத்துத் தெருவிலோ வேறு மாநிலத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்து தங்கிப் படிக்கும் ஒருவர் இருந்தால், இந்த மார்கழியில் அவரையும் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். விஸ்வநாதன் குடும்பம் கதவைத் திறந்ததால்தானே நமக்கு ஒரு பாகவதர் கிடைத்தார்.

ஹிக்கின்ஸின் பாட்டுகள் யூடியூபில் கிடைக்கின்றன. முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.